ஸ்வெட்டருக்குள் இருந்து வந்த ரோஜா

கிரீம் பையைப் புதிதாகக் கையில் பிடித்திருக்கும் கண்ணுகளா,

நேற்று உங்கள் மேசைப் பக்கம் வந்து பார்த்தேன். ஆளுக்கு ஒரு தட்டில் கிரீம் ரோஜாப் போட்டு வரிசையாக வைத்திருந்தீர்கள். ஒன்று முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. இன்னொன்று யாரோ மிதித்துவிட்டுப் போன முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. ஜன்னலோரத் தட்டில் இருந்ததை ரோஜா என்று கூப்பிட்டிருந்தால் அதுவே திரும்பிப் பார்த்திருக்காது. யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நான் போட்ட முதல் ரோஜாவைப் பார்த்துவிட்டு எங்கள் பேக்கரி மாஸ்டர், "ஏம்மா, இது யாரோட காது?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார்.

உங்களுக்குச் செல்போனில் வீடியோ இருக்கிறது. அதில் ஒரு வெள்ளைக்கார அம்மா சிரித்துக்கொண்டே கையைச் சுற்றினால் ரோஜா பூத்துவிடுகிறது. வெண்ணெயை அறைச் சூட்டில் வைத்து எடுங்கள் என்கிறாள். எந்த ஊர் அறை, எந்த மாசத்துச் சூடு என்று சொல்ல மாட்டாள். மார்கழி மாத ஏற்காட்டில் ராத்திரி முழுக்க வெண்ணெயை வெளியே வைத்துப் பாருங்கள். காலையில் அதை வைத்துச் சுவர் கட்டலாம்.

எனக்கு வீடியோவும் இல்லை, வகுப்பும் இல்லை. நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவள், முட்டி வலி வந்ததும் மலையேறி இறங்க முடியாமல், டவுனில் ஒரு பேக்கரிக்குத் தட்டுக் கழுவ வந்தேன். அங்கே கேக் மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். கீழே சமவெளியிலிருந்து வந்தவர். ரோஜாப் போடும் நேரம் வந்தால் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வார். ஏதோ சாமிக்குத் திரை போட்ட மாதிரி. அதனால் ஆறு மாசம் நான் படித்த பாடமெல்லாம் அவருடைய முழங்கைதான். முழங்கை மேலே போனால் இதழ் விரிகிறது, கீழே வந்தால் மூடுகிறது, நின்றால் மாஸ்டர் மூக்கைச் சொறிகிறார்.

வீட்டுக்குப் போய் ராகிக் களியை நன்றாகக் குழைத்து, பால் கவரில் அடைத்து, மூலையைக் கத்தரித்து, கவிழ்த்து வைத்த டம்ளர் மேலே பிழிந்து பழகுவேன். என் ஊட்டுக்காரர் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக வழித்துச் சாப்பிடுவார். "ஏம்புள்ள, இன்னிக்கு ரோஜாவுல உப்பு பத்தல" என்பார். ஒரு மாசம் அந்த மனுஷன் ரோஜாவும் கீரைக் குழம்புமாகவே சாப்பிட்டார். வாய் திறந்து ஒரு குறை சொன்னதில்லை, உப்பைத் தவிர.

மாஸ்டரிடம் முழங்கையோடு இன்னொரு வித்தையும் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பனி இறங்கும் காலைகளில் பைக்குள்ளேயே கிரீம் இறுகிப்போகும். அழுத்தினால் வராது, மீறி அழுத்தினால் பை கிழிந்து மூஞ்சியில் அடிக்கும். மாஸ்டர் என்ன செய்வார் தெரியுமா? பையை எடுத்து ஸ்வெட்டருக்குள்ளே, வயிற்றோடு ஒட்டினாற்போலச் செருகிக்கொண்டு ஒரு டீ குடிப்பார். டீ முடிவதற்குள் கிரீம் இளகியிருக்கும். உடம்புச் சூடு அளவான சூடு, கிரீமை உருக்காது, இளக்க மட்டும் செய்யும். ஆகா, என்ன மூளை என்று நானும் அதையே பழகிக்கொண்டேன். நல்லதைக் கற்க ஆறு மாசம் ஆனது. இதைக் கற்க ஒரு டீ நேரம்தான் ஆனது. புதுசாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் நடக்கிறது. ஜன்னலோரத் தட்டுக்காரம்மா, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

மாஸ்டர் ஊர்த் திருவிழாவுக்கு என்று கீழே போயிருந்த வாரத்தில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கொடுத்தவர் ரிடையர் ஆன எஸ்டேட் ரைட்டர். எஸ்டேட்டில் காலையில் ஆட்கள் பேரைக் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவர்தான் ரைட்டர். நான் பழம் பறித்த அதே எஸ்டேட்டில் என் பேரையும் வருஷக்கணக்காகக் கூப்பிட்டவர், இப்போது வாழவந்தியில் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். மகள் வயிற்றுப் பேத்திக்கு முதல் பிறந்தநாள். சேலத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். கேக் நிறைய ரோஜா வேண்டும், அதுவும் மாஸ்டர் கைப்படப் போட்டிருக்க வேண்டும் என்பது உத்தரவு.

முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குப் பூப் போட வருதுன்னு சொல்லிக்கிறாங்களே, நெசமா?"

"ஏதோ வருமுங்க."

"ஏதோ எல்லாம் வேண்டாம். ரைட்டர் வாயால நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வந்துதுன்னா பூ மேசை உனக்குத்தான். வரலீன்னா திரும்பத் தட்டுக் கழுவற தொட்டிதான். ஆனா ஒண்ணு. மாஸ்டர் போட்டதுன்னுதான் அவருகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நீ வாயத் தொறந்துராத."

முட்டி வலிக்காரிக்கு அந்தத் தொட்டி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. நாள் முழுக்கக் குனிந்து, பனிக்காலத் தண்ணீரில் கையை விட்டு, எண்ணெய்ப் பிசுக்குத் தட்டுகளோடு மல்லுக்கட்டுவது. மேசை என்றால் ஸ்டூல் உண்டு. ஓவன் பக்கத்தில் கதகதப்பாக உட்காரலாம். நான் அன்றைக்கு ரோஜாவுக்காகப் பேராசைப்படவில்லை கண்ணு. ஸ்டூலுக்காகப் பட்டேன்.

சமைந்த பெண்ணை அலங்கரிக்கிற மாதிரி அந்தக் கேக்கை அலங்கரித்தேன். ஓவன் சூட்டில் கிரீம் பதமாக நின்றது, ஸ்வெட்டர் வித்தைக்கு வேலையே வரவில்லை. கீழ் வரிசையில் எட்டு ரோஜா. அது போதும். ஆனால் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வர வேண்டுமே! எட்டுப் போட்டால் நல்லாருக்கு, பதிமூன்று போட்டால் ரொம்ப நல்லாருக்கு என்று மேலே இன்னொரு வரிசையில் ஐந்து ஏற்றினேன். ரோஜா மேல் ரோஜா, கோபுரம் மாதிரி நின்றது.

ரைட்டரின் மகள் காரோடு வந்தாள். பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்து, அங்கே நின்றபடியே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். "மாஸ்டர் எங்கீங்க? அவரோட ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"மாஸ்டருக்குக் கூச்சமுங்க" என்றார் முதலாளி.

கூச்சக்கார மாஸ்டராகிய நான் தொட்டிப் பக்கம் திரும்பித் தட்டுக் கழுவுகிற மாதிரி நின்றிருந்தேன்.

அப்போது முதலாளி பெட்டியை மூடினார். மூடி கொஞ்சம் முரண்டு பிடித்தது. உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கி டேப் ஒட்டினார். என் கண் அதைப் பார்த்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. வாயத் தொறந்துராத என்று சொல்லியிருந்தாரே! முதலாளி சொன்னது வேறு எதற்கோ, நான் கடைப்பிடித்தது வேறு எதற்கோ. பூப் போடுவதற்கு முன்னால் பெட்டியின் உயரத்தைப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். அது மாஸ்டரின் முழங்கையில் தெரியாது.

ஒரு மணி நேரத்தில் ரைட்டர் வீட்டிலிருந்து போன் வந்தது. "என்னங்க, மேல இருந்த பூவெல்லாம் மூடியில இருக்குது, கேக்கு உச்சி மொட்டையா இருக்குது! நாலு மணிக்கு வெட்டணும். மாஸ்டரை உடனே அனுப்புங்க!"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன்.

ஒரு தூக்கில் கிரீம், ஒரு பை நிரப்பியது, ஒரு பை காலியானது, பை நுனியில் மாட்டும் நாசில், கத்தி எல்லாம் எடுத்துக்கொண்டு வாழவந்தி பஸ் ஏறினேன். பஸ் ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. பனி உள்ளே வந்து சீட்டுப் பிடித்து உட்கார்ந்துகொண்டது. தொட்டுப் பார்த்தால் கையிலிருந்த பை கட்டை மாதிரி ஆகிவிட்டது. பழக்க தோஷம், எடுத்து ஸ்வெட்டருக்குள் செருகினேன்.

பக்கத்துச் சீட்டு அம்மா கொஞ்ச நேரம் என் வயிற்றையே பார்த்தாள். "ஏனுங்க, வயித்துல கட்டிங்களா?"

"இல்லீங்க, கிரீமுங்க."

"வயித்துக்குக் கூடக் கிரீம் வந்திருச்சா! என்ன டாக்டருங்க?"

"கேக்கு டாக்டருங்க" என்றேன். அவள் அதற்கப்புறம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

ரைட்டர் வீட்டுப் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தபோது மணி மூன்றரை. முன் கூடத்தில் சம்பந்தி வீட்டார் சத்தம் கேட்டது. கேக்கின் கீழ் வரிசை எட்டு ரோஜாவும் அப்படியே இருந்தன. மேலே ஐந்து ரோஜா இருந்த இடத்தில் ஐந்து பள்ளம். அந்த ஐந்தும் மூடியில் தலைகீழாக, என்னமோ அங்கேயே பூத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன.

ரைட்டரம்மா, அதாவது ரைட்டரின் வீட்டம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "மாஸ்டர் வர்லியா?"

"ஊருக்குப் போயிருக்காருங்க. நான் சரி பண்ணிக் குடுத்தறேங்க."

பள்ளத்தைச் சமப்படுத்தினேன். பிறகு, எதையும் யோசிக்காமல், ஸ்வெட்டருக்குள் கையை விட்டுப் பையை உருவி, மளமளவென்று மூன்று ரோஜா போட்டேன். நான்காவதற்குக் கையை வைக்கும்போது நிமிர்ந்து பார்த்தால், ரைட்டரம்மா முகம் போன போக்கு!

"அட கெரகமே! எங்கிருந்து எடுத்த அதை?"

"கிரீம் இறுகிடுச்சுங்க, அதான்..."

"வேர்வையில கெடந்ததை எம்பேத்தி வாயில வெக்கணுமா? எடு, எடு, வழிச்சுப் போடு!"

கண்ணுகளா, அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பை பிளாஸ்டிக்தான், கிரீம் என் உடம்பில் படவில்லைதான். ஆனால் அந்தப் பையை உருவிய கையால்தான் நாசிலைப் பிடித்தேன். மூக்குத் துடைத்த கைக்குட்டையும் அதே ஸ்வெட்டருக்குள்தான் இருந்தது. அவர் முகம் சுளித்ததற்கு நான் தலை குனிந்தேன்.

"தப்புங்கம்மா. இந்த மூணையும் எடுத்தறேன். பையையும் வீசிடறேன். ஒரு சொம்புல வெந்தண்ணி மட்டும் குடுங்க."

மூன்று ரோஜாவையும் வழித்துப் போட்டுவிட்டு, முழங்கை வரை கையையும், கூடவே நாசிலையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். தூக்கிலிருந்த கிரீமை எடுத்துப் புதுப் பையில் நிரப்பி, அந்தப் பையைச் சொம்பின் வெளிப்பக்கத்தோடு அணைத்து வைத்தேன். அவர் கண் முன்னாலேயே இளகியது. இவ்வளவுதான் விஷயம். ஒரு சொம்பு வெந்நீர். மாஸ்டருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தப்பு மாட்டிக்கொண்ட பிறகு எவ்வளவு சீக்கிரம் மூளை வேலை செய்கிறது பாருங்கள்.

ஐந்து ரோஜாவும் ஏறிவிட்டன, இந்த முறை கொஞ்சம் அடக்கமாக. ரைட்டரம்மாவின் முகம் தெளிந்தது. கிட்டே வந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ நாகலூரு எஸ்டேட்டு லைன் ஊட்டுல இருந்தவதானே? பழம் பறிக்க வருவியே?"

"ஆமாங்கம்மா."

அவ்வளவுதான். கூலிக்காரர்களுக்கு என்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் பேர் வந்ததும் முகம் மறுபடியும் சுளித்தது. முதல் சுளிப்பு வேர்வைக்கு. இப்போது வேர்வை இல்லை, கை கழுவியாயிற்று, வெந்நீர் இருக்கிறது. இந்தச் சுளிப்பு எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

"எதுக்கும் மேல இருக்கற அஞ்சையும் எடுத்துரு. கீழ இருக்கறது மாஸ்டர் போட்டதுதானே? அது போதும்."

இங்கேதான் நான் நின்றேன். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கேக் பிழைக்கும், முதலாளியின் பொய் பிழைக்கும், ரைட்டர் நல்லாருக்கு என்பார், எனக்கு ஸ்டூல். இல்லீங்க என்றால் தொட்டி.

நாக்கு நுனியில் இன்னொன்றும் வந்து நின்றது. அம்மா, இத்தனை வருஷமா மார்கழி மாசம் நீங்க வாங்கித் தின்ன மாஸ்டர் ரோஜா எல்லாம் மாஸ்டர் வயித்துல குளிர் காஞ்சதுதாங்க! எவ்வளவு இனிப்பான வார்த்தை! சொல்லியிருந்தால் ஒரு வாரம் எனக்கு நெஞ்சு குளிர்ந்திருக்கும். பேக்கரியை ஒரே நாளில் மூடியிருப்பார்கள். அதை விழுங்கினேன். அடுத்தவன் ஸ்வெட்டருக்குள் இருப்பதை நான் ஏன் உருவ வேண்டும்? ஊருக்கு வந்ததும் மாஸ்டரிடமே நேரில் சொல்லலாம், சொல்லியும் விட்டேன். ஆனால் என் கை போட்டதை இன்னொருத்தர் கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"கீழ இருக்கறதும் நான் போட்டதுதாங்கம்மா. பதிமூணும்."

ரைட்டரம்மா தோசைக் கரண்டியை எடுத்தார். "அப்ப எல்லாத்தையும் வழிச்சிரலாம். சும்மா கேக்கு போதும்."

கேக்கும் நான் மாவடித்துச் சுட்டதுதான். அதை அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கரண்டி கேக்குக்கு ஒரு விரற்கடை தூரம் வந்தபோது மகள் உள்ளே வந்தாள். "அம்மா! என்ன பண்றீங்க?"

"இது மாஸ்டர் போட்டதில்ல சாமி. இவ போட்டது."

"யாரு போட்டா என்னங்கம்மா? காத்தால இருந்து ஊருக்கே போட்டோ அனுப்பியிருக்கேன். எங்கத்தை சேலத்துல அத்தனை பேருக்குக் காட்டிட்டு வந்திருக்காங்க. இப்ப மொட்டைக் கேக்கக் கொண்டு போய் வெச்சா எம்மூஞ்சிய எங்க வெக்கறது?"

நியாயம் வந்து என்னைக் காப்பாற்றியதாக யாராவது கதை சொன்னால் நம்பாதீர்கள். காப்பாற்றியது வாட்ஸ்அப்.

இந்தச் சத்தத்தில் ரைட்டர் வந்தார். அவர் பின்னாலேயே மகளின் மாமியார், சேலத்துச் சம்பந்தியம்மா, கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தார். "அடேயப்பா, போட்டோவுல பாத்ததை விட நொம்ப நல்லாருக்குதே! யாருங்க போட்டது?"

ரைட்டரம்மா கரண்டியை முந்தானைக்குள் மறைத்தார். ரைட்டர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். காலையில் அறுபது பேரை அரை நிமிஷத்தில் பிரித்து அனுப்பிய மனுஷன் அல்லவா, கணக்கு உடனே பிடிபட்டுவிட்டது. தொண்டையைச் செருமினார்.

"இந்தப் புள்ளதானுங்க. எங்கிட்ட எஸ்டேட்டுல வேலை பாத்த புள்ள. அப்பவே எனக்குத் தெரியும், கை நொம்பச் சுறுசுறுப்பு. நாந்தான் சொன்னேன், நீயெல்லாம் பழம் பறிக்கிற ஆளில்ல, வேற எங்கியோ போக வேண்டிய ஆளுன்னு."

வருஷக்கணக்காக அவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வெரசா நட." அதைத்தான் அவர் அப்படி ஞாபகம் வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சரியாக அந்நேரம் முதலாளி போன் பண்ணினார். ரைட்டர், சம்பந்தி முன்னால், ஸ்பீக்கரைத் திறந்துவிட்டுப் பேசினார்.

"ஏனுங்க, எல்லாம் சரியாச்சுங்களா? மாஸ்டர் போட்டது..."

"மாஸ்டரா? எந்த மாஸ்டருங்க? எங்க எஸ்டேட்டுப் புள்ள போட்டிருக்குது. நொம்ப நல்லாருக்குது!"

"ஆமாமுங்க, அந்தம்மாதாங்க இனிமே நம்ம கடைக்குப் பூப் போடறது" என்றார் முதலாளி, என்னமோ நாலு வருஷம் முன்னாலேயே முடிவு செய்த மாதிரி. ஒரு பொய் செத்த இடத்தில் இரண்டு பொய் முளைத்து, அதில் ஒன்றின் மேல் எனக்கு ஸ்டூல் போட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முட்டி வலி.

கேக் வெட்டியானது. பாட்டெல்லாம் முடிந்தது. நான் தூக்கையும் நாசிலையும் கழுவி எடுத்துக்கொண்டு பின்வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். ரைட்டரம்மா வந்தார். எல்லோருக்கும் அறுத்துக் கொடுத்துவிட்டு, அப்படியே ஒரு துண்டைத் தட்டில்லாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினார். விரலெல்லாம் கிரீம். கடைசி ஓரத்துத் துண்டுதான், ஆனால் ஒரு முழு ரோஜா அதில் இருந்தது.

"இந்தா, சாப்பிடு."

எனக்கும் பசிதான். நான் அவர் கையைப் பார்த்தேன்.

"கையக் கழுவிட்டீங்களாங்கம்மா?" என்று கேட்டேன்.

முகம் சிவந்தது. கேக்குத் துண்டைத் திண்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நல்ல வேளை, நேரம் எடுத்துத்தான் கழுவினார். திரும்பி வரும்போது ஒரு தட்டும் கொண்டு வந்தார், அதில் புதுக் கேக்குத் துண்டும் கொண்டு வந்தார்.

உட்கார்ந்து சாப்பிட்டேன். இனிப்பு கொஞ்சம் தூக்கல். அடுத்த முறை குறைத்துப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.